கரி தின்னும் பானை

அலுமினியம் எடுக்கும் முறையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து, மேலிருந்து கரிக்கட்டிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினால் அடியில் அலுமினியம் சேரும், மேலே கார்பன் டை ஆக்சைடு போகும். பத்தாம் வகுப்பில் இதற்குப் படம் வரைந்து பாகம் குறித்திருப்போம். ஹால் முறை. அந்தப் படத்தில் இருப்பதெல்லாம் 1886-லேயே இருந்தவை. இன்று உலகம் தாதுவிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 7 கோடி டன் அலுமினியம் எடுக்கிறது. கிட்டத்தட்ட ஒவ்வொரு கிலோவும் அதே குழம்பு, அதே கரி, அதே வாயு என்றுதான் பிறக்கிறது.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கற்றதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டிக்கொள்ளும் மென்பொருள் தொழிலில் இருப்பவனுக்கு இது நம்பமுடியாத விஷயம். யாரும் முயலாமல் விட்டதால் இப்படி நிற்கவில்லை. கரியைத் தூக்கிவிட நூறு வருஷத்துக்கும் மேலாக முயல்கிறார்கள். ஆய்வகத்தில் பலமுறை தூக்கியும் காட்டிவிட்டார்கள். ‘என் மெஷின்ல ஓடுதே’ என்பது எங்கள் அலுவலகங்களில் கேலி வசனம். அலுமினிய மின்னாற்பகுப்பின் வரலாறு முழுக்க அந்த வசனத்தை வெவ்வேறு மொழிகளில் சொன்னவர்களின் வரலாறாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் இங்கே அது கேலி இல்லை. ஆய்வகத்தில் உண்மையிலேயே ஓடியது. உருக்காலையில் ஏன் ஓடவில்லை என்பதற்கான காரணங்கள்தான் இந்தக் கதையின் சத்து.

ஹாலிடமிருந்தே தொடங்கலாம். ஒஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்ற சிற்றூர். சார்லஸ் மார்ட்டின் ஹாலுக்கு வயது 22. கல்லூரி முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டை ஒட்டிய விறகுக் கொட்டகைதான் ஆய்வகம். மின்சாரத்துக்குத் தானே கட்டிய மின்கலங்கள். பேராசிரியர் ஃபிராங்க் ஜூவெட்டின் ஊக்கமும், அதே கல்லூரியில் வேதியியல் படித்த அக்கா ஜூலியாவின் துணையும் இருந்தன. அலுமினா உருகுவதற்கு 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தண்ணீரில் கரைசலாக வைத்து மின்சாரம் விட்டால் ஹைட்ரஜன்தான் முந்திக்கொண்டு வரும். ஆகவே அலுமினாவைக் கரைக்கக்கூடிய, தண்ணீர் இல்லாத, எட்டக்கூடிய சூட்டில் உருகுகிற ஏதோ ஒன்று வேண்டும். கிரையோலைட் சுமார் 1,000 டிகிரியில் உருகியது. அலுமினாவை உப்பைப்போல் கரைத்துக்கொண்டது.

களிமண் மூசையில் வைத்து மின்சாரம் விட்டார். அலுமினியம் வரவில்லை, சாம்பல் நிறத்தில் என்னவோ படிந்தது. ஹால் யோசித்துப் பிடித்த காரணம் இது: அலுமினாவைக் கரைக்கிற குழம்பு களிமண்ணையும் கரைக்கிறது. மூசையிலிருந்து வந்த சிலிக்கான்தான் முதலில் படிகிறது. மூசைக்குள் கரியால் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு மறுபடி முயன்றார். 1886 பிப்ரவரி 23 அன்று சிறுசிறு அலுமினிய உருண்டைகள் கிடைத்தன. அதே வயதுக்காரரான பால் எரூல் பிரான்சில் ஏப்ரல் 23 அன்று அதே முறைக்கு விண்ணப்பித்தார். ஹால் விண்ணப்பித்தது ஜூலையில்தான். ஆனாலும் பிப்ரவரி 23-ஐ நிரூபிக்க முடிந்ததால் அமெரிக்கக் காப்புரிமை அவருக்குப் போனது. நிரூபித்ததில் ஜூலியாவின் சாட்சியத்துக்கும் பங்கு உண்டு. இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914 என்ற ஒற்றுமையைப் பற்றி நிறையப் பேர் சிலாகித்துவிட்டார்கள், நான் தாண்டிப் போகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூசை. முதல் வாரத்திலேயே பிரச்சினை அலுமினாவில் இல்லை, பாத்திரத்தில் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

விலை என்ன ஆனது என்பதற்கு இரண்டு வருஷங்களைச் சொன்னால் போதும். 1884-இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் சுமார் 100 அவுன்ஸ் எடையுள்ள அலுமினிய முனையை வைத்தார்கள். அன்று அது வெள்ளி விலை விற்ற உலோகம். 1898-இல் மெட்ராஸ் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியத் தகட்டைத் தட்டிச் சமையல் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். பதினாலு வருஷத்தில் கோபுரக் கலசம் சோற்றுப் பானை ஆகிவிட்டது.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. 1888-இல் பிட்ஸ்பர்க்கில் ஆலை போட்டபோது, பானை பெரிதானால் அடியில் நெருப்பே தேவையில்லை என்று தெரியவந்தது. பாய்கிற மின்சாரத்தின் சூடே குழம்பை உருகிய நிலையில் வைத்திருந்தது. கொட்டகையில் அடுப்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது, ஆலையில் அடுப்பு வேண்டாம். அளவு மாறியதும் பௌதிகமே மாறியது. அன்று அது வரமாக வந்தது. அதற்குப் பிறகு அளவு பெரும்பாலும் சாபமாகவே வந்திருக்கிறது.

இன்றைய உருக்காலைத் தொட்டியைப் பார்ப்போம். உலகம் முழுக்க அதற்குப் பெயர் ‘பாட்’. பத்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள எஃகுத் தொட்டியைப் பானை என்பது விசித்திரம்தான், ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. என் தாய்மாமா ஓர் உருக்காலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். அவர் வாயில் அது ‘பாட்டு’ ஆகிவிடும். ‘ஏழாம் நம்பர் பாட்டு ராத்திரியெல்லாம் படுத்திடுச்சு’ என்று அத்தையிடம் சொல்வார். சின்ன வயதில் நான் மாமா ரேடியோ ஸ்டேஷனில் வேலை பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

பானைக்குள் 960 டிகிரி. குறுக்கே விழும் மின்னழுத்தம் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல், மூன்று டார்ச் செல் போட்டால் வருகிற அளவு. மின்னோட்டமோ 3 லட்சம் ஆம்பியர், புதிய ஆலைகளில் 6 லட்சம்வரை. ஒரு வரிசையில் 300 பானைகள்கூடத் தொடராக இணைந்திருக்கும், முதல் பானையில் நுழைந்த அதே மின்னோட்டம் கடைசிப் பானைவரை போகும். 3 லட்சம் ஆம்பியர் பானை நாளுக்குச் சுமார் 2.3 டன் அலுமினியம் தரும். கிலோவுக்கு 13, 14 யூனிட் செலவு. தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏழு கிலோ சொச்சம் எடுக்கலாம்.

அந்த 13 யூனிட்டில் வேதிவினைக்கு உண்மையில் தேவைப்படுவது ஆறு சொச்சம்தான். மீதி சூடாக வெளியே போகிறது. பாதிக்குப் பாதி வீண். முதலில் இதைப் படித்தபோது சுவரைச் சுற்றிக் கனமாகக் காப்பு போட்டு அடைக்கவேண்டியதுதானே என்று தோன்றும். போடக்கூடாது. ஹாலின் களிமண்ணைக் கரைத்த குழம்பு எந்தச் சுவரையும் விட்டுவைக்காது. அதற்கு உருக்காலைக்காரர்கள் கண்ட வழி, சுவர் வழியாகச் சூட்டை வேண்டுமென்றே கசிய விடுவது. ஓரத்தில் குழம்பு உறைந்து ஓர் ஓடு பிடித்துக்கொள்ளும். குழம்பைத் தாங்கும் பாத்திரம் குழம்பாலேயே ஆனது. பானை சூடேறினால் ஓடு உருகி மெலியும், அதிகச் சூடு வெளியேறும், பானை ஆறும். ஆறினால் ஓடு தடிக்கும். யாரும் நிரல் எழுதாமலே தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு. வீணாகிறது என்று நாம் நினைக்கும் வெப்பம்தான் அங்கே கொத்தனார்.

இந்த ஓடு ஆய்வகத்தில் கிடையாது. கையடக்கமான மூசை வெளியிலிருந்து உலையால் சூடேற்றப்படுகிறது, அதன் சுவர்தான் இருப்பதிலேயே சூடான இடம். உள்ளே இருப்பது அதே கிரையோலைட், அதே அலுமினா, அதே வெப்பநிலை. ஆனால் பானையின் உயிரான வெப்பச் சமன்பாடு தலைகீழாக நிற்கிறது.

இன்னொன்று காந்தம். அத்தனை ஆம்பியர் பாயும் இடத்தில் மாமாவின் கைக்கடிகாரம் ஓடாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். இரும்புக் கரண்டி கையை விட்டு வேறு திசையில் இழுக்கும். இதெல்லாம் வேடிக்கை. விபரீதம் பானைக்குள் நடக்கிறது. உருகிய அலுமினியத்தின் அடர்த்தி 2.3, மேலே மிதக்கும் குழம்பின் அடர்த்தி 2.1. வித்தியாசம் அவ்வளவுதான். மின்னோட்டமும் காந்தப்புலமும் சேர்ந்து தள்ள, உலோகக் குளத்தில் அலை எழும்புகிறது. மேலே ஆனோடுக்கும் கீழே உலோகத்துக்கும் இடையே 4 அல்லது 5 சென்டிமீட்டர் இடைவெளி. அலை தொட்டால் குறுக்குச் சுற்று. இடைவெளியைக் குறைத்தால் மின்சாரம் மிச்சம், குறைக்கவிடாமல் தடுப்பது அலை. பானைகளைச் சுற்றி மின்கம்பிகளை, அவர்கள் மொழியில் பஸ்பார்களை, எந்தப் பக்கம் எத்தனை வளைத்துக் கொண்டுபோவது என்பதே தனிச் சாஸ்திரம் ஆகி, கணினி மாதிரிகள் வந்த பிறகுதான் பெரிய பானைகள் சாத்தியமாயின. ஐந்து ஆம்பியர் பாயும் மூசையில் இந்தக் கேள்வியே எழாது.

நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். பானைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. நிரந்தரமாக உள்ளே வைக்கிற மாதிரி உணர்கருவி ஒன்றும் இல்லை, எதை முக்கினாலும் குழம்பு தின்றுவிடும். 1970-களில் அல்கோவாவின் வாரன் ஹாபின் போன்றவர்கள் குவார்ட்ஸில் ஒளி ஊடுருவும் சிறு செல் செய்து, வாயுக் குமிழ்கள் ஆனோடுக்கு அடியில் எப்படிச் சேர்ந்து நழுவுகின்றன என்று கண்ணால் பார்த்தார்கள். குவார்ட்ஸையும் குழம்பு கரைக்கும். கண்ணாடி கரைந்து முடிவதற்குள் பார்த்துவிடவேண்டும், அவ்வளவுதான். ஆலையில் அந்த வசதியும் இல்லை. தொடர்ந்து கிடைப்பவை இரண்டே எண்கள்: வரிசையின் மின்னோட்டம், ஒவ்வொரு பானையின் மின்னழுத்தம். இரண்டையும் வைத்து ஒரே ஓர் எண்ணைக் கணக்கிடலாம், மின்தடை. அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு குழம்பில் அலுமினா எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஊகிக்கவேண்டும்.

ஊகிப்பதில் ஒரு தந்திரம் உண்டு. அலுமினா 2 முதல் 4 சதவீதம் இருந்தால் பானை சுகமாக ஓடும். அதிகமானால் கரையாமல் அடியில் சேறாகத் தங்கும். குறைந்தால் வேறு விதமான ஆபத்து, அதற்கு வருகிறேன். அலுமினா அளவோடு மின்தடையை வரைந்தால் கோடு கிண்ணம் போல வளைகிறது, இரண்டு பக்கமும் ஏறும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்தால் கிண்ணத்தின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாது. அதனால் கணினி வேண்டுமென்றே கொஞ்ச நேரம் பானையைப் பட்டினி போடுகிறது. மின்தடை ஏற ஆரம்பிக்கிறதா, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சரிவைப் பார்க்கிறது. வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று அலுமினாவை அடிக்கடி கொட்டி வயிற்றை நிரப்புகிறது. பிறகு மறுபடி பட்டினி. இரவும் பகலும், ஒவ்வொரு பானைக்கும், வருஷக்கணக்கில். நான் பார்த்த எத்தனையோ கண்காணிப்பு மென்பொருள்களில் ஆயிரம் அளவீடுகள் பச்சையும் சிவப்புமாக ஒளிரும், உருப்படியாக ஒன்றும் தெரியாது. ஒரே எண்ணைத் தொல்லைப்படுத்திப் பேசவைக்கும் இந்த முறையின் முன் அவை எல்லாம் ஆடம்பரம்.

அலுமினா தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை மாமா சொல்லித்தான் கேட்கவேண்டும். “நாலு வோல்ட்ல இருக்கிற பாட்டு சட்டுனு முப்பது, நாப்பதுக்குப் போயிடும் மாப்ள. மேல கட்டியிருக்கிற பல்பு பளீர்னு எரியும். ராத்திரி ஷிஃப்ட்ல தூக்கம் எங்க வரும்?” ஆனோடு விளைவு என்பார்கள் இதை. ஆக்சைடு இல்லாததால் கரி இப்போது குழம்பிலுள்ள ஃபுளூரினோடு சேர்கிறது, ஆனோடுக்கு அடியில் வாயுப் படலம் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைத் தடுக்கிறது. தணிக்க அந்தக் காலத்து வைத்தியம் பச்சை மரக்கம்பு. நீளமான கம்பை ஆனோடுக்கு அடியில் சொருகுவார்கள், மரத்தின் ஈரமும் சாறும் கொதித்துக் குமிழியிட்டுப் படலத்தைக் கலைத்துவிடும். “எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வெச்சாலும் ஓரத்துல நாலு கம்பு சாத்தியிருக்கும்” என்பார் மாமா. அவர் அந்தக் கம்பைச் சொருகிய ஒவ்வொரு முறையும் வெளியேறியது கார்பன் டெட்ராஃபுளூரைடு. ஒரு கிலோ அந்த வாயு, நூறு வருஷக் கணக்கில், ஆறாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். வளிமண்டலத்தில் அது கரைந்துபோக ஆகும் காலம் 50,000 வருஷம் என்கிறார்கள். பட்டினிபோட்டு அளக்கும் அந்தக் கணினி முறையும் துல்லியமான ஊட்டும் கருவிகளும் வந்தபின் ஆனோடு விளைவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இந்தத் துறையில் பருவநிலைக்கு இதுவரை கிடைத்த பெரிய நிவாரணங்களில் ஒன்று, ஒரு மின்தடைக் கோட்டின் சரிவை ஒழுங்காகப் படித்ததால் வந்தது.

இனி கரி. பெட்ரோலியக் கோக்கைத் தாரின் பிட்ச் கொண்டு பிசைந்து, அழுத்திச் சுட்டு எடுக்கும் பெரிய கட்டிகள். டன் அலுமினியத்துக்கு 400 கிலோவுக்குக் குறையாமல் கரைகிறது, ஆனோடிலிருந்து மட்டும் ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டியும் தேய்ந்து குச்சியாகும், எடுத்துவிட்டுப் புதிது வைக்கவேண்டும். வைத்ததும் அந்த இடம் குளிர்ந்து பானை சமநிலை இழக்கும். அசிங்கமான, புகைச்சலான, ஓயாத வேலை. ‘தின்று தீராத’ ஆனோடு ஒன்று கிடைத்தால்? கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜன் வரும். கரி சுடும் ஆலையே வேண்டாம். டெட்ராஃபுளூரைடும் இல்லை.

செம்பை ஆனோடாக்கலாம் என்ற யோசனை ஹாலுக்கே இருந்தது. அதற்குப் பின் பிளாட்டினத்திலிருந்து வெள்ளீய ஆக்சைடுவரை முயலாத பொருள் இல்லை. சிக்கல் எங்கே என்றால், ஆனோடில் 960 டிகிரியில் புதிதாகப் பிறக்கும் ஆக்சிஜன் உலோகத்தை அரிக்கும். ஆக்சிஜனுக்கு அசையாதவை ஏற்கெனவே ஆக்சைடான பொருள்கள்தான். ஆனால் கிரையோலைட்டை நாம் தேர்ந்தெடுத்ததே ஆக்சைடுகளைக் கரைக்கிறது என்பதற்காக! பானையின் அடிப்படைத் தகுதி எதுவோ அதுவே ஆனோடுக்கு எமன். 1980-களில் அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியுடன் அல்கோவா நிக்கல் ஃபெரைட் என்ற ஆக்சைடையும் செம்பையும் கலந்த பீங்கான்-உலோகக் கலவையை விரிவாக ஆராய்ந்தது. மின்சாரம் கடத்த உலோகம், அரிப்பைத் தாங்க ஆக்சைடு. ஆய்வகத்தில் நன்றாகவே நின்றது.

நன்றாக நின்றதில் மூசைக்கும் பங்கு இருந்தது என்பதைப் படித்தபோது எழுந்து நடந்தேன். இத்தகைய சோதனைகளை அலுமினா மூசையில் செய்வது வழக்கம். மூசையே கரைந்து கரைந்து குழம்பில் அலுமினாவை நிறைவு நிலையில் வைத்திருக்கும். அலுமினா நிறைந்திருந்தால் ஆனோடின் ஆக்சைடு குறைவாகவே கரையும். ஆலைப் பானையிலோ அலுமினா 2, 3 சதவீதத்தில் பட்டினி கிடக்கிறது. மேலும் சின்ன மூசையில் ஆனோடிலிருந்து கொஞ்சம் நிக்கலும் இரும்பும் கரைந்தால் குழம்பு சீக்கிரமே அவற்றால் நிறைந்து, மேற்கொண்டு கரைவது நின்றுவிடும். ஆலையில் அடியில் டன் கணக்கில் அலுமினியக் குளம் இருக்கிறது. கரைந்து வந்ததையெல்லாம் அது உறிஞ்சி உலோகமாக்கிக்கொள்ளும். குழம்பு ஒருநாளும் நிறையாது. ஆனோடு தேய்ந்துகொண்டே போகும், அலுமினியம் கெட்டுக்கொண்டே போகும். ஹாலுக்கு மூசை எதிரியாக வந்தது. இவர்களுக்கு நண்பனாக வந்து ஏமாற்றியது.

வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தேயக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. பெரிய சோதனைப் பானைகளில் வேறு தொல்லைகளும் சேர்ந்தன. பீங்கான் ஆனோடு சூட்டில் இறங்கும்போது விரிசல் விடும். மேலே உலோகத் தண்டோடு அதை இணைக்கும் இடம் பலவீனம். எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. கரி தேய்வது பலவீனம் என்று நினைக்கிறோம். ஆனால் கரிக்கட்டியின் ஒரு மூலை உலோகத்துக்குச் சற்று நெருக்கமாக இருந்தால் அங்கே மின்னோட்டம் கூடும், அந்த மூலை வேகமாக எரியும், இடைவெளி தானே சமமாகிவிடும். உறைந்த ஓட்டைப் போலவே இதுவும் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு. தேயாத ஆனோடுக்கு அந்தப் பணிவு இல்லை. சாய்ந்து மாட்டினால் ஆயுள் முழுக்கச் சாய்வுதான். ஒரே இடத்தில் மின்னோட்டம் குவிந்து அந்த இடம் அரித்து, உள்ளே இருப்பதெல்லாம் குழம்பில் கலக்கும். கரிக்கட்டி மோசமாகப் போனால் ஒரு கட்டியோடு போயிற்று. இதில் ஒன்று உடைந்தால் பானை முழுக்கக் கறை.

கிரையோலைட்டையே விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. அல்கோவா 1970-களில் அலுமினியம் குளோரைடை மின்னாற்பகுக்கும் ஆலை ஒன்றை டெக்சஸ் மாநிலத்தின் பாலஸ்டைன் நகரில் கட்டியது. மின்சாரம் உண்மையிலேயே மிச்சமானது. ஆனால் அலுமினாவைக் குளோரைடாக்கும் முன்வேலையும் குளோரின் அரிப்பும் அந்த மிச்சத்தை விழுங்கின. 1985-இல் மூடிவிட்டார்கள்.

2018 மே மாதம் அல்கோவாவும் ரியோ டின்டோவும் சேர்ந்து எலிசிஸ் என்ற கூட்டு நிறுவனத்தை அறிவித்தன. கனடா, க்யூபெக் அரசுகளும் ஆப்பிளும் பணம் போட்டன. அதற்கடுத்த வருஷமே ஆப்பிள் மடிக்கணினி ஒன்றில் கரியில்லாமல் எடுத்த அலுமினியம் இருந்ததாகச் செய்தி வந்தது. ரஷ்யாவின் ருசால் 2021-இல் கிராஸ்னயார்ஸ்க் ஆலையில் நாளுக்கு ஒரு டன் அளவில் தரும் பானைகளை ஓட்டிக்காட்டியது. க்யூபெக்கின் அல்மா ஆலையில் 4,50,000 ஆம்பியர் மாதிரிப் பானைகளுக்கான வேலையை எலிசிஸ் தொடங்கியது. இந்தச் செய்திகளில் ஒன்றை நான் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, தமிழில் விளக்கிக் குரல்பதிவும் போட்டேன். அரைமணி கழித்துப் பதில் வந்தது. “நல்லது மாப்ள. எத்தனை நாள் ஓடிச்சாம்?”

அவர் கேட்டது அலட்சியத்தில் அல்ல. ஆலையில் ஒரு பானையின் ஆயுள் ஐந்து, ஆறு வருஷம். ஒரு வடிவமைப்பு நல்லதா என்று தெரிய அவ்வளவு காலம் ஆகும். எங்கள் தொழிலில் ஒரு மாற்றத்தை நூறில் ஒரு பயனருக்குத் திறந்துவிட்டு, மதியத்துக்குள் முடிவெடுப்போம், பிடிக்காவிட்டால் பின்வாங்குவோம். இங்கே பின்வாங்குவது என்றால் உறைந்துபோன பானையைப் பாறை உடைப்பதுபோல் உடைத்து எடுப்பது. மின்சாரம் நாலைந்து மணி நேரம் நின்றாலே ஒரு வரிசை முழுக்க உறைந்துபோகக்கூடும். ஆராய்ச்சியாளனின் ஒரு வாழ்க்கையில் இப்படி நாலைந்து சுற்றுகள்தான் கிடைக்கும். அதனால்தான் உருக்காலைக்காரர்கள் பழமைவாதிகளாகத் தெரிகிறார்கள். அவர்களைக் கிண்டலடிக்கும் ஸ்டார்ட்அப் பேச்சுகளை என்னால் ரசிக்க முடிவதில்லை.

இதெல்லாம் சரியானாலும் இன்னொரு கணக்கு மிஞ்சியிருக்கிறது, இந்தியாவுக்கு அதுதான் முக்கியம். கரி எரியும்போது வேதிவினைக்குத் தன் பங்கு ஆற்றலைத் தருகிறது. கரி இருந்தால் அலுமினாவைப் பிளக்கக் குறைந்தபட்சம் 1.2 வோல்ட், இல்லாவிட்டால் 2.2 வோல்ட். ஒரு வோல்ட் என்றால் கிலோவுக்கு மூன்று யூனிட். நிலக்கரி மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டிக் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. ஆக, ஆனோடில் ஒன்றரை டன்னை மிச்சம் பிடித்து, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் மூன்று டன் விடுவோம். ஆனோடுகளைத் தட்டுத் தட்டாகச் செங்குத்தாக நிறுத்தி, இடைவெளியை வெகுவாகக் குறைத்து இந்த நஷ்டத்தை ஈடுகட்டலாம் என்பது ஆதரவாளர்களின் பதில். கரி தேயும் என்பதால் அதை அப்படி நிறுத்த முடியாது, தேயாத பொருளுக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை அது என்பது உண்மைதான். ஆனால் இடைவெளி குறைந்தால் உள்ளே பிறக்கும் சூடும் குறையும். சூடு குறைந்தால் சுவரில் அந்த ஓடு எப்படி நிற்கும்? மறுபடி பாத்திரத்துக்கே வந்து நிற்கிறோம்.

நம்முடைய பழைய உருக்காலைகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தால் ஆறுகள் காதில் விழும். பள்ளிவாசல் நீர்மின்சாரத்தில் 1943-இல் ஓடத்தொடங்கிய அலுபுரம், மகாநதி அணையோரம் ஹிராகுட், ரிஹந்த் அணைப்பக்கம் ரேணுகூட், காவிரியணைப் பக்கம் மேட்டூர். மேட்டூரின் மால்கோவுக்குப் பாக்சைட் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வந்தது. பின்னால் அங்குல், ஜார்சுகுடா என்று நிலக்கரி கிடைக்கும் இடத்துக்குத் தொழில் நகர்ந்துவிட்டது. மேட்டூரிலும் கடைசி வருஷங்களில் சொந்த அனல்மின் நிலையம்தான் பானைகளுக்கு மின்சாரம் தந்தது. 2008-இல் உருக்காலையை நிறுத்தினார்கள். அனல்மின் நிலையம் அதற்குப் பிறகும் மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தது.

எலிசிஸின் பானைகள் க்யூபெக்கில் ஓடுவது தற்செயல் இல்லை, அங்கே மின்சாரம் ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஒன்றரை டன் அங்கே முழுசாக மிச்சம். 2024-இல் ரியோ டின்டோ, அர்விடாவில் 1,00,000 ஆம்பியர் அளவில் பத்துப் பானைகளை நிறுவப்போவதாகச் சொன்னது. அவற்றைப் பற்றிய செய்திக்குறிப்பு எது வந்தாலும் நான் முதலில் தேடுவது ஆம்பியரையோ டன்னையோ அல்ல. பானையிலிருந்து உறிஞ்சி எடுத்த அலுமினியத்தில் ஆனோடிலிருந்து வந்த அழுக்கு எத்தனை சதவீதம், நூறாவது நாளில் எவ்வளவு, ஐந்நூறாவது நாளில் எவ்வளவு. அந்த எண்கள் செய்திக்குறிப்புகளில் வருவதில்லை. ஆக்சிஜன் வெளியேறுகிறது என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.